சுற்றுலா வண்டியின் சுழல் ஆசனம்

ஐரோப்பாவில் கோடை பிறந்ததும் நெடுஞ்சாலைகளில் ஒருவகை வண்டி பெருகத் தொடங்கிவிடும். வெளியே நின்று நோக்குவோர்க்கு அது சரக்கு ஏற்றும் வான் போலவே தோன்றும். கதவைத் திறந்தாலோ உள்ளே ஒரு சிறு குடித்தனமே அடங்கியிருக்கும். மடக்கி விரிக்கும் படுக்கை, அடுப்பு, கைகழுவும் தொட்டி, தண்ணீர்த் தாங்கி, குளிர்பெட்டி, உடுபுடைவை வைக்கும் அலுமாரி ஆகிய யாவும் அதனுள் உண்டு. கேம்பர் வான் என்பது இதற்கு வழங்கும் பெயர். பகலில் ஊர்தியாகவும் இரவில் வீடாகவும் பயன்படும் இவ்வண்டி, அந்நாடுகளிற் குடியேறி வாழும் எம்மவர்க்கும் பழகிய காட்சியே.

வீடு சிறிதாயின் மூலை முடுக்கு ஒவ்வொன்றும் பயன்பட வேண்டும் அன்றோ? ஏறத்தாழ 6 மீற்றர் நீளமுள்ள வண்டியொன்றில் சாரதியும் அவருக்கு அருகே இருப்பவரும் அமரும் முற்பகுதி கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வண்டி தரித்து நின்றதும் அவ்விடத்தால் ஒரு பயனும் இல்லை. இரண்டு நல்ல ஆசனங்கள் கண்ணாடியைப் பார்த்தபடி வெறுமனே கிடக்க, உள்ளே இருப்போர் இடமின்றி நெருக்குண்டு இருப்பர். இக்குறையைப் போக்க எழுந்ததே சுழல் ஆசனம். ஒரு நெம்பை இழுத்து ஆசனத்தைப் பின்னோக்கித் திருப்பினால் வண்டியின் முற்பகுதி வீட்டின் முன்விறாந்தை போல் ஆகிவிடும். நடுவே ஒரு மேசையை நிறுத்தினால் நால்வர் இருந்து உணவருந்தலாம்.

சுழலும் நாற்காலி என்பது புதிய எண்ணம் அன்று. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை வரைந்த தோமஸ் ஜெபர்சன் 1776ஆம் ஆண்டளவில் அத்தகைய நாற்காலி ஒன்றை வைத்திருந்தார். சிகையலங்கார நிலையங்களிலும் அலுவலகங்களிலும் அது நெடுங்காலமாய்ப் பாவனையில் உள்ளது. மோட்டார் வண்டிக்குள் அது புகுந்தது பிற்காலத்தில்தான். ஜேர்மனியின் வொல்க்ஸ்வாகன் நிறுவனம் 1950இல் தன் பெயர்பெற்ற வானை வெளியிட்டது. அடுத்த ஆண்டே வெஸ்ற்பாலியா என்னும் தொழிலகம் அதனுட் பொருத்தத்தக்க தளபாடங்களைச் செய்து விற்கத் தொடங்கியது. அக்காலத்து வண்டிகளில் முன்னாசனங்கள் அசையாதவை. 1979இல் வெளிவந்த மூன்றாந் தலைமுறை வானிலும், 1988இல் வந்த கலிபோர்னியா என்னும் வண்டியிலும் சுழல் ஆசனம் பலரும் விரும்பிக் கேட்கும் அங்கமாயிற்று. இன்று இத்தாலியின் பியற் டுக்காற்றோ முதலிய பெரிய வான்களை அடிப்படையாகக் கொண்டு செய்யப்படும் சுற்றுலா வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் இவ்வமைப்பைக் காணலாம்.

இனி இதன் உறுப்புக்களை நோக்குவோம். சாதாரண வானில் ஆசனத்தின் கீழே எஃகினாற் செய்த பெட்டி போன்ற பீடம் ஒன்று தரையோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். பீடத்தின் மேலே ஆசனத்தை முன்னும் பின்னும் நகர்த்துவதற்கான இரு தண்டவாளங்கள் உள்ளன. சுழல் ஆசனத்தில், இவ்விரண்டுக்கும் இடையே ஒரு சுழல்தட்டு வந்து அமர்கிறது. அது உண்மையில் இரண்டு எஃகுத் தட்டுக்களால் ஆனது. கீழ்த்தட்டு பீடத்தோடும் மேல்தட்டு தண்டவாளத்தோடும் திருகாணிகளாற் பூட்டப்பட்டிருக்கும். இரண்டையும் நடுவே ஓர் அச்சு இணைக்கும். தட்டுக்கள் ஒன்றோடொன்று உராயாமல் இருக்க, இடையே சிறு எஃகுக் குண்டுகளோ வழுக்கும் தன்மையுள்ள பிளாஸ்ரிக் துண்டுகளோ வைக்கப்பட்டிருக்கும். வண்டி ஓடும்போது ஆசனம் திரும்பிவிடாதபடி, வில்லினால் உந்தப்படும் ஒரு பூட்டு முளை தட்டின் துளையிலோ வெட்டிலோ விழுந்து நிற்கும். நெம்பை இழுத்தால் முளை விலகும். விட்டால் மீண்டும் விழும்.

அச்சு எப்போதும் ஆசனத்தின் நட்டநடுவே இருப்பதில்லை. கதவையும் அதன் தூணையும் இடிக்காமல் ஆசனம் திரும்பவேண்டும் என்பதற்காகச் சற்றே ஒருபுறம் ஒதுக்கி அச்சை வைப்பது வழக்கம். இதனால் ஆசனம் திரும்பும்போது வண்டியின் நடுப்பக்கமாக நகர்ந்துகொண்டே திரும்பும். இது தெரியாதவர்கள் ஆசனத்தை வலிந்து தள்ளி, முதுகுப்புறத் துணியைக் கிழித்தும் கதவின் உள்விளிம்பைக் கீறியும் விடுகின்றனர். ஆசனத்தைத் தண்டவாளத்தின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து, முதுகை நிமிர்த்தி, தேவையாயின் கதவையும் திறந்துவைத்துத் திருப்பினால் இத்தொல்லை இராது. ஆசனம் திரும்ப மறுக்கும்போது சுழல்தட்டின்மீது பழி போடுவோர் பலர். பெரும்பாலும் பழுது தட்டில் இல்லை, திருப்பும் முறையிலேயே உண்டு.

சுழல் ஆசனத்தைப் பராமரிப்பது என்றால் அது இலேசாகச் சுழலும்படி எண்ணெய் இடுவதே என்று பொதுவாக எண்ணப்படுகிறது. வண்டி தரித்து நிற்கையில் அது சுழலவேண்டியது உண்மைதான். ஆனால் வண்டி ஓடும் நேரமெல்லாம் அது சுழலாமல் நிற்கவேண்டும்; சற்றும் அசையாமல் நிற்கவேண்டும். அந்நிலையில் அது வெறும் இருக்கை அன்று. அதில் இருப்பவரின் உயிரைப் பிடித்துவைக்கும் சங்கிலியின் ஒரு கண்ணி.

இதை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர் கடக்கிறது. அது எதனோடாவது மோதி ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கு நேரத்துள் நின்றுவிடுகிறது என்று கொள்வோம். அந்தச் சிறுபொழுதில் உள்ளே இருப்பவரின் உடல் தன் நிறையைப்போற் பதினான்கு மடங்கு விசையுடன் முன்னோக்கிப் பாயும். 70 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரைத் தடுத்து நிறுத்த ஏறக்குறைய ஒரு தொன் எடையைத் தாங்கும் விசை வேண்டும். அதைத் தாங்குவது ஆசனப்பட்டி. பட்டியின் மேல்நுனி கதவுத்தூணிற் பிணைக்கப்பட்டிருந்தாலும், அதன் கொளுக்கி பல வண்டிகளில் ஆசனத்தின் பக்கத்திலேயே பூட்டப்பட்டுள்ளது. ஆகவே அவ்விசையிற் பெரும் பகுதி கொளுக்கியின் வழியே தண்டவாளத்துக்கும், அங்கிருந்து சுழல்தட்டுக்கும், அதன்பின் பீடத்துக்கும் தரைக்கும் இறங்குகிறது. போதாமைக்கு, ஆசனமும் தன் நிறையோடு முன்னோக்கிப் பாயும். 25 கிலோகிராம் ஆசனம் அக்கணத்தில் 350 கிலோகிராம் எடையாகி இழுக்கும். இவ்வளவையும் ஏற்பவை சில திருகாணிகளும், ஓர் அச்சும், விரல் பருமனுள்ள ஒரு முளையுமே.

இதனை அறிந்தே, ஐக்கிய நாடுகள் சபையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழு வகுத்த 14ஆம் இலக்க விதி பட்டிப் பிணைப்புக்களுக்குக் கடுமையான சோதனை ஒன்றை விதித்துள்ளது. பயணிகள் காரின் வகையைச் சேர்ந்த வாகனங்களில் தோட்பட்டிக்கு 13,500 நியூற்றன், இடுப்புப் பட்டிக்கு 13,500 நியூற்றன் என ஒரே நேரத்தில் விசை கொடுத்து இழுக்கப்படும். பிணைப்பு ஆசனத்திலேயே அமைந்திருந்தால், ஆசனத்தின் எடையைப்போல் 20 மடங்கு விசையும் அதனோடு கூட்டப்படும். பிணைப்பு இவற்றைத் தாங்கி நிற்கவேண்டும். புதிதாய்ச் செய்த நல்ல சுழல்தட்டு இச்சோதனையில் தேறி வந்ததாக இருக்கும். பத்தாண்டுகள் கறள் ஏறி, திருகாணி தளர்ந்து, முளை தேய்ந்த பின்னரும் அது தேறுமா என்பதே உரியவர் கேட்கவேண்டிய கேள்வி.

ஆதலாற் பராமரிப்பு பூட்டிலிருந்து தொடங்கவேண்டும். ஆசனத்தை முன்னோக்கித் திருப்பி நிறுத்தும்போது முளை விழும் ஒலி தெளிவாகக் கேட்கும். கேட்ட பின்னரும் இருகைகளாலும் ஆசனத்தின் அடிப்பகுதியைப் பிடித்து இடமும் வலமும் திருக முயலவேண்டும். முதுகுப் பகுதியைப் பிடித்து ஆட்டுவதால் உண்மை தெரியாது. முதுகு மடிப்பின் தளர்வும் அதனோடு கலந்துவிடும். அடியைப் பிடித்துத் திருகும்போது மயிரிழை அளவு அசைவு இருப்பது பல தட்டுக்களுக்கு இயல்பே. முளை துளைக்குள் நுழைவதற்குச் சிறு இடைவெளி வேண்டுமல்லவா? ஆனால் சென்ற மாதம் இருந்ததிலும் இம்மாதம் அசைவு கூடியிருப்பின், அன்றி ஒலியோடு ஆசனம் அடிபடின், அங்கே தேய்வு நிகழ்கிறது என்று அறியலாம். முளையின் நுனி உருண்டு போயிருக்கும், துளை நீள்வட்டமாய் விரிந்திருக்கும், வில் சோர்ந்திருக்கும். வில்லையும் முளையையும் மாற்றலாம். விரிந்த துளையை உருக்கி அடைத்து மீண்டும் துளையிடுதல் கூடாத செயல். உருக்கி ஒட்டும் சூட்டினால் எஃகின் உறுதி மாறிவிடும். சோதனையில் தேறிய தட்டு பின்பு அதே தட்டாக இராது.

மேலுங் கீழுமான அசைவு வேறு வகையானது. ஆசனத்தின் முன்விளிம்பைத் தூக்கிப் பார்த்தால் மேல்தட்டு கீழ்த்தட்டை விட்டு எழும்புமாயின், நடு அச்சின் சுரை தளர்ந்திருக்கலாம். அல்லது இடையிலுள்ள பிளாஸ்ரிக் துண்டுகள் தேய்ந்திருக்கலாம். சில தட்டுக்களில் இவ்வசைவைக் குறைப்பதற்கென்றே இறுக்கும் ஆணிகள் அமைத்துள்ளனர். அவற்றைக் கால் திருப்பு, அரைத் திருப்பு எனச் சிறிது சிறிதாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் ஆசனத்தைச் சுழற்றிப் பார்க்கவேண்டும். ஒரேயடியாக இறுக்கினால் ஆசனம் திரும்பாது. திருப்ப முயல்வோர் நெம்பை முறித்துவிடுவர்.

போல்ட் என்று பேச்சில் வழங்கும் திருகாணிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டியிருக்கிறது. பிழைகள் மலிந்திருப்பது இங்கேதான். திருகாணியின் தலையை உற்றுநோக்கினால் 8.8 என்றோ 10.9 என்றோ எண் பொறித்திருக்கக் காணலாம். இவை அழகுக்காகப் பொறித்தவை அல்ல. முதல் எண்ணை நூறாற் பெருக்கினால், ஒரு சதுர மில்லிமீற்றர் பரப்புக்கு எத்தனை நியூற்றன் விசையில் அவ்வாணி அறும் என்பது கிடைக்கும். புள்ளிக்குப் பின்னுள்ள எண், அந்த விசையில் எத்தனை பத்திலொரு பங்கு வரை அது நிரந்தரமாய் நீளாது தாங்கும் என்பதைச் சொல்லும். ஆகவே 8.8 என்பது 800 நியூற்றனில் அறுவது; 640 வரை நீளாதது. 10.9 என்பது 1000 நியூற்றனில் அறுவது. 900 வரை நீளாதது. சுழல்தட்டைச் செய்தவர் எந்த எண்ணைக் கொடுத்திருக்கிறாரோ அதையே மீண்டும் இடவேண்டும். கறள் பிடிக்காது என்ற ஆசையினாற் கடையில் விற்கும் பளபளப்பான துருவேறா எஃகு ஆணிகளை வாங்கிப் பூட்டுவோர் உண்டு. அவற்றின் தலையிற் பெரும்பாலும் A2-70 என்ற குறி காணப்படும். அதற்கு 700 நியூற்றன் என்பது பொருள். கறள் பிடிக்காதுதான்; உறுதியோ 10.9 ஆணியிலும் பத்தில் மூன்று பங்கு குறைவு. கண்ணுக்கு நன்றாகத் தோன்றுவது காரியத்துக்கும் நன்றாயிருக்கும் என்று எண்ணுவதால் வரும் வினை இது.

இறுக்குவதற்கும் அளவுண்டு. கைக்கு எட்டிய பலத்தோடு முறுக்கினாற் போதும் என்ற பழைய கராஜ் முறை இங்கே உதவாது. குறைவாய் இறுக்கிய ஆணி பாதையின் அதிர்வில் தானே கழன்று வரும். மிகையாய் இறுக்கிய ஆணி நீண்டு, உள்ளூரப் பலமிழந்துவிடும். முறுக்கும் விசையை அளந்து காட்டும் ரோர்க் றெஞ்சு என்னும் கருவியினால், தட்டோடு வந்த கைநூலிற் குறித்த அளவுக்கு இறுக்கவேண்டும். புதிதாய்ப் பூட்டிய தட்டாயின் சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நன்று. பின்பு ஆண்டுக்கு ஒருமுறை பயணகாலம் தொடங்குமுன் பார்த்தாற் போதும். புரிகளுக்கு எண்ணெயோ கிறீசோ தடவலாகாது. எண்ணெய் பட்ட புரி எளிதிற் சுழலும். கருவி அதே அளவைக் காட்டும்போது ஆணி உண்மையில் அளவுக்கு மிஞ்சி இழுபட்டிருக்கும். அதிர்வில் கழலாதிருக்கக் கைநூல் ஒட்டுப்பசை இடச் சொல்லியிருந்தால் அதை இடலாம். தானே பூட்டிக்கொள்ளும் வகையைச் சேர்ந்த சுரையை ஒருமுறை கழற்றினாற் புதியதையே இடவேண்டும்.

கிறீஸ் இடுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எஃகுக் குண்டுகள் உள்ள தட்டுக்கு வெண்ணிற லிதியம் கிறீஸ் சிறிதளவு போதும். விரல்நுனியில் எடுத்து மெல்லிய படலமாய்த் தடவி, ஆசனத்தைச் சிலமுறை திருப்பிவிட்டு, வெளியே பிதுங்கியதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். பிளாஸ்ரிக் துண்டுகள் உள்ள தட்டுக்களில் சிலவற்றுக்குக் கிறீசே வேண்டாம் எனச் செய்தவர்கள் குறித்துள்ளனர். அங்கே அவர்கள் சொல்லே கேட்கத்தக்கது. கறளை இளக்கவென்று புட்டியில் அடைத்து விற்கும் மெல்லிய தெளிப்பு எண்ணெயை எல்லாவற்றுக்கும் மருந்தாகக் கொள்ளுவோர் உளர். அது இறுகிய பூட்டை இளக்க உதவும். ஆனால் ஏற்கெனவே உள்ள கிறீசையும் கரைத்துக் கழுவிவிடும். அதைப் பாவித்தவர் பின்னர்த் துடைத்துவிட்டுப் புதிய கிறீஸ் இடாவிட்டால், ஆசனம் இரண்டு கிழமை நன்றாய்ச் சுழன்று பின்பு முன்னிலும் மோசமாய் முனகும்.

ஈரமான எண்ணெயைத் தேடி வருவது தூசி. கடற்கரையில் நிறுத்திய வண்டிக்குள் மணல் காலோடு வந்துவிடும். ஆசனத்தில் அமர்ந்து உண்பவர்கள் சிந்தும் துகள், நாயின் உரோமம், சட்டைப்பையிலிருந்து நழுவிய காசு, பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் ஆகிய யாவும் சென்று சேரும் இடம் அந்த இரு தட்டுக்களின் இடைவெளியே. மணலும் கிறீசும் கலந்தால் அது தேய்க்கும் பசையாகிவிடும். ஆகவே கிறீஸ் இடுமுன் உறிஞ்சும் கருவியாலும் மெல்லிய தூரிகையாலும் இடைவெளியைத் துப்புரவாக்க வேண்டும். பூட்டு முளை விழும் துளையை விசேடமாகப் பார்க்கவேண்டும். அதில் ஒரு சிறு காசு கிடந்தால் முளை முழுதும் இறங்காது. ஒலி கேட்டதுபோல் இருக்கும், பூட்டியதாக இராது.

கறள் வேறொரு பகை. குளிர்நாட்டு வீதிகளில் உறைபனியைக் கரைக்க உப்பைத் தூவுகின்றனர். அவ்வுப்பு சப்பாத்தோடு உள்ளே வருகிறது. இரவில் மூடிய வண்டிக்குள் மனிதர் மூச்சிலும் அடுப்பிலும் எழும் ஈரம் குளிர்ந்த எஃகின்மேற் படிகிறது. தட்டின் மேல்மட்டத்திற் படரும் செந்நிறக் கறளைத் தேய்த்து நீக்கிப் பூச்சு இடலாம். பீடம் தரையோடு சேரும் மூலைகளில் தகடு உப்பி, ஊசியாற் குத்தினால் உதிருமாயின், அதைப் பூச்சினால் மறைப்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும். மேலே எவ்வளவு நல்ல சுழல்தட்டு இருந்தென்ன? கால் ஊன்றிய தரை உளுத்துப்போயிற்றே.

ஆசனத்தின் அடியில் மின்கம்பிகளும் உண்டு. பழைய வண்டிகளில் இது ஒரு பொருட்டன்று. இக்காலத்து ஆசனத்திலோ பக்கக் காற்றுப்பை, கொளுக்கியைச் சட்டென இழுத்து இறுக்கும் கருவி, ஆள் அமர்ந்திருப்பதை உணரும் கருவி, சூடாக்கும் கம்பி எனப் பலவும் பொதிந்துள்ளன. இவற்றின் கம்பிகள் யாவும் ஆசனத்தோடு சேர்ந்து திரும்ப வேண்டியவை. எப்போதும் ஒரே திசையில் திருப்பி, அதே வழியாக மீண்டும் கொண்டுவந்தாற் கம்பிக்குக் கேடில்லை. ஒரு திசையில் திருப்பி மறுதிசையால் முழுவட்டமாய் முடித்தால், கம்பி ஒவ்வொரு முறையும் ஒரு முறுக்கு ஏறும்; ஒருநாள் அறும். பல தட்டுக்களில் இதனைத் தடுக்கவே ஒரு தடைமுளை வைத்துள்ளனர். அது இடைஞ்சல் என்று வெட்டியெறிவது அறியாமை. காற்றுப்பைக்குச் செல்லும் கம்பியின் இணைப்புக்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறமாயிருக்கும். அந்நிறத்தைக் கண்டால், வண்டியின் பற்றரியைத் துண்டித்து, கைநூலிற் சொன்ன நேரம் காத்திருந்த பின்னரே தொடவேண்டும். தெரியாதவர் தொடாதிருப்பதே நலம். வீட்டுப் பாவனைக்கான இரண்டாம் பற்றரியை ஆசனப் பீடத்துள் வைக்கும் வழக்கமும் உண்டு. ஆசனத்தைக் கழற்றும்போது கையிலுள்ள ஸ்பானர் அதன் இரு முனைகளையும் ஒருங்கே தொட்டால் நெருப்பு எழும். முதலில் அதை மூடிவைக்க வேண்டும்.

சாரதியின் ஆசனத்தில் மற்றோர் ஆபத்து மறைந்திருக்கிறது. சில வண்டிகளிற் கைப் பிறேக்கின் நெம்பு ஆசனத்தின் பக்கத்தே உயர்ந்து நிற்கும். அதைத் தாழ்த்தினாலன்றி ஆசனம் திரும்பாது. தாழ்த்தினாலோ பிறேக் விடுபடும். சாய்வான நிலத்தில் தரித்த வண்டி, உள்ளே அடுப்பில் நீர் கொதித்துக்கொண்டிருக்க, மெல்ல உருளத் தொடங்குவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. இத்தகைய வண்டியை உடையவர் சமதரையில் நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்த பின்னரே நெம்பைத் தாழ்த்தவேண்டும். ஆசனம் திரும்பிய அக்கணமே நெம்பை மீண்டும் உயர்த்திவிட வேண்டும். இதற்காக நெம்பின் இடத்தை மாற்றியும் தாழ்த்தியும் அமைக்கும் உதிரிப்பாகங்கள் விற்பனையாகின்றன. அவற்றைப் பூட்டினால் பிறேக் கம்பியின் இழுவை மாறும். பூட்டிய பின் பிறேக் உண்மையாகவே வண்டியைப் பிடிக்கிறதா என்று சரிவொன்றிற் சோதிக்காமல் விடலாகாது.

சுழல்தட்டினால் ஆசனம் சில சென்றிமீற்றர் உயர்ந்துவிடுவதும் கவனிக்கத்தக்கது. குள்ளமானவரின் பாதம் நிலத்திற் படாது. சாரதிக்குப் பிறேக் மிதியை மிதிக்கும் கோணம் மாறும். பட்டி தோளின்மேற் செல்லும் இடமும் மாறும். தட்டின் உயரத்தை ஈடுசெய்யத் தாழ்ந்த பீடங்களைச் சில தொழிலகங்கள் செய்கின்றன. பழைய பீடத்தைத் தாமே அறுத்துக் குட்டையாக்கும் துணிச்சலுள்ளோரும் இல்லாமலில்லை. மேலே கூறிய கணக்கை நினைவிற் கொள்வோர் அவ்வேலைக்கு இணங்கமாட்டார்.

பயணம் புறப்படும் காலை நேரத்தில் வேலைகள் பல. பாத்திரங்களை அடுக்கவேண்டும், எரிவாயுவை மூடவேண்டும், வெளியிலுள்ள கம்பியைச் சுருட்டவேண்டும். இந்த அமளியிலேதான் பக்கத்து ஆசனம் பாதி திரும்பியபடியே விடப்படுகிறது. ஆசனத்தில் ஏறுபவர் அதைத் தம் கையால் ஒருமுறை திருகிப் பார்த்த பின்பே பட்டியைப் பூட்டவேண்டும் என்ற வழக்கத்தை வீட்டார் எல்லோரும் கைக்கொண்டால் நன்று. பின்னோக்கித் திருப்பிய ஆசனத்தில் ஒருவரை இருத்தி வண்டியை ஓட்டுவது, பிள்ளைகளோடு கதைத்துக்கொண்டு போகலாம் என்ற காரணத்தினாலாயினும், ஒருபோதும் செய்யத்தக்கதன்று. அந்நிலைக்கென்று அந்த ஆசனமோ அதன் பட்டியோ சோதிக்கப்படவில்லை.

இங்கிலாந்தில் மூன்றாண்டு கடந்த வாகனங்கள் வருடந்தோறும் அரசாங்க விதிப்படி பரிசோதிக்கப்படுகின்றன. ஆசனங்கள் உறுதியாய் நிற்கின்றனவா, பட்டிப் பிணைப்புக்கு அண்மையிற் கறள் உண்டா என்பனவும் அப்பரிசோதனையில் அடங்கும். ஜேர்மனியிலும் குறித்த காலத்துக்கொருமுறை இத்தகைய பரிசோதனை உண்டு; பின்னர்ப் பூட்டிய சுழல்தட்டுக்கு ஒப்புதற் பத்திரம் இருக்கிறதா என்றும் கேட்பர். ஆனால் பரிசோதகர் பார்ப்பது அந்த ஒரு நாளின் நிலையை மட்டுமே.

பழைய சுற்றுலா வண்டியை விலைக்கு வாங்குவோர் இவற்றையெல்லாம் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியவராகின்றனர். விற்பவர் மெத்தையின் துணியையும் மேசையின் பளபளப்பையும் காட்டுவார். வாங்குபவர் முழந்தாளிட்டு ஆசனத்தின் அடியை நோக்கவேண்டும். தட்டிற் செய்தவரின் பெயரும் ஒப்புதற் குறியும் உண்டா, திருகாணிகளின் தலையில் எண் உண்டா, எல்லாம் ஒரே வகையானவையா, அண்மையில் உருக்கி ஒட்டிய தழும்பு ஏதும் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். பெயரும் குறியும் அற்று, யாரோ பட்டறையிற் செய்த தட்டாயின் அது எவ்வளவு இலேசாகச் சுழன்றாலும் பொருட்படுத்த வேண்டியதில்லை. புதிய தட்டின் விலையையும் பூட்டுகூலியையும் கணக்கிட்டு, வண்டியின் விலையிலே கழித்துத் தரும்படி அங்கேயே பேசிக்கொள்ளலாம்.